தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும்

கொரியாவின் பழைய பள்ளிகளுக்கும் தில்லி மதராசி கேம்ப் பையன் ஒருவனுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொண்ட கதை

அந்தக் காகிதம் நாலாக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் கிழிந்து, ஓரத்தில் மஞ்சள்தூள் கறையோடு என் கைக்கு வந்தது. கொண்டு வந்தவனுக்குப் பதிமூன்று வயது. தெற்கு தில்லி ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயை ஒட்டி அப்போது இருந்த மதராசி கேம்ப்பில் வீடு. அம்மா நிஜாமுத்தீனில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறார். அப்பா பெயின்டர். 2023ன் குளிர்காலம் அது. பையன் ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளை டேக்வாண்டோ சட்டையை மாட்டியிருந்தான்.

"சார், பெல்ட் டெஸ்ட்டுல மாஸ்டர் மீனிங் கேப்பாரு. இங்கிலீஷ்ல மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா என்னன்னு புரியல. தமிழ்ல எழுதித் தர்றீங்களா?"

மனப்பாடம் ஆகிவிட்டது, புரியவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது புதிய நிலைமை இல்லை. நன்னூல் சூத்திரங்களை நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழுங்கினேன். ஒரு பக்கக் காகிதம், அரை மணி நேர வேலை என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டேன். முடிக்க ஆறு வாரம் ஆயிற்று.

டேக்வாண்டோ என்றதும் நம் கண்ணில் நிற்பது ஒலிம்பிக் காட்சி: தலைக்கவசமும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு இரண்டு பேர் குதித்துக் குதித்து உதைத்துக்கொள்வது. பழைய பாணிப் பள்ளிகளில் பாதி நேரத்துக்கு மேல் எதிராளியே கிடையாது. மாணவன் தனியாக நின்று, வகுத்து வைத்த அசைவுகளை வகுத்து வைத்த வரிசையில் செய்கிறான். தடு, அடி, திரும்பு, மறுபடி தடு. பெல்ட்டின் நிறம் மாற மாற புதிய தொகுப்பு ஒன்று வரும். கறுப்பு பெல்ட்டுக்கு முன்னால் ஒன்பது. பையன் கொண்டுவந்த காகிதத்தில் இருந்தது அந்த ஒன்பதின் பெயர்களும் விளக்கங்களும்தான்.

முதல் தொகுப்பின் பெயர் சோன்ஜி. வானமும் பூமியும் என்று பொருள். பத்தொன்பது அசைவுகள். என் வீட்டு முன்னறையில், டீப்பாயை நகர்த்தி வைத்துவிட்டுச் செய்து காட்டினான். இடப்பக்கம் திரும்பித் தாழ்வாக ஒரு தடுப்பு, ஓரடி முன்னால் வைத்து ஒரு குத்து. அப்படியே வலப்பக்கம். பிறகு முன்னால், பின்னால். எட்டு அசைவுகள் ஆயிற்றா, அதே நாலு திசைகளில் இன்னொரு சுற்று. இந்த முறை தடுப்பு நெஞ்சு உயரத்தில், நிற்கும் நிலையும் வேறு. முதல் பாதி ஒன்றைக் குறிக்கும், இரண்டாம் பாதி இன்னொன்றை. பதினாறு ஆனபின் மூன்று குத்துகள்: முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி, மறுபடி பின்னால் ஓரடி. தரையில் கோடு போட்டுப் பார்த்தால் ஒரு கூட்டல் குறி.

கடைசிக் குத்தோடு அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "அரை அடி தள்ளிட்டேன் சார்." தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும் என்பது இந்த முறையின் முதல் விதி. ஒவ்வொரு அடியும் ஒரே அளவாக இருந்தால்தான் அது நடக்கும். எங்கேயோ ஓர் அடி குறைந்திருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. எங்கே என்று யாரும் சொல்லத் தேவையில்லை, தரை சொல்லிவிடும்.

என் முதல் தகராறு ஒரே ஒரு சொல்லோடு. ஆங்கிலத்தில் 'பேட்டர்ன்' என்று போட்டிருந்தது. 'படிவம்' என்று எழுதினால் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிக்கிற மாதிரி இருக்கிறது. 'அமைப்பு' உயிரற்றது. 'கோலம்' அழகு, ஆனால் அது வாசலில் கிடப்பது. கொரிய மொழியில் என்ன சொல்கிறார்கள் என்று தேடினால், அங்கே ஒரு சொல் இல்லை, மூன்று இருக்கின்றன: ஹியோங், தூல், பூம்சே. மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருள். யார் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதை வைத்து அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தவர், எந்தத் தலைமுறை, யாரோடு சண்டை என்பதுவரை சொல்லிவிடலாம். ஹியோங் பழைய சொல். ஜப்பானியர் 'காத்தா' என்று வாசிக்கும் அதே சீன எழுத்து. தூல், ஜெனரல் சோய் ஹோங் ஹி வழி வந்தவர்கள் வைத்துக்கொண்டது. பூம்சே, தென்கொரிய அரசின் ஆதரவோடு வளர்ந்த குக்கிவொன் தலைமையகத்தின் சொல்.

தமிழ்ச் சொல்லைக் கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பையனின் தாத்தா. விழுப்புரம் பக்கத்துக்காரர். இளவயதில் தில்லிக்கு வந்து, கட்டட வேலையில் முதுகைத் தேய்த்தவர். கேம்ப்பில் அவர்கள் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பேரன் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது வரிசைதானே சார்? குத்துவரிசை. எங்க ஊர்ல வாத்தியாரு இப்படித்தான் நாலு பக்கமும் போட வைப்பாரு."

வரிசை! குத்துவரிசையில் இருப்பது அதுதான். சங்கீதத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று குழந்தைகள் ராகமெடுப்பதும் அதுதான். பாட்டு வருவதற்கு முன்னால் தொண்டையைப் பழக்குவது. சண்டை வருவதற்கு முன்னால் காலைப் பழக்குவது. பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியிடம் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து, பெயர்கள். ஒவ்வொரு வரிசையும் கொரிய வரலாற்றில் ஒரு பாடம். டான்குன், கொரியாவை நிறுவியதாகச் சொல்லப்படும் புராண அரசர். வோன்யோ, சில்லா காலத்து பௌத்தத் துறவி. யுல்கோக் பதினாறாம் நூற்றாண்டு அறிஞர். அவர் பிறந்த ஊர் 38வது அட்சரேகையில் இருப்பதால் அவர் வரிசைக்கு 38 அசைவுகள். டோசான் என்பது ஆன் சாங்ஹோவின் புனைபெயர். 1878ல் பிறந்து 1938ல் மறைந்தவர். நாடு அடிமையாக இருந்தபோது கல்வியால் அதை எழுப்ப முயன்றவர். நம் வ.உ.சி. வாழ்ந்த காலமும் ஏறக்குறைய அதே.

ஜூங்குன் வரிசைக்கு வந்தபோது பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொரியாவை ஜப்பானின் பிடிக்குள் கொண்டுவந்த இட்டோ ஹிரோபுமியை 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் சுட்டுக் கொன்றவர் ஆன் ஜூங்குன். மறு ஆண்டு மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். வரிசையில் 32 அசைவுகள், சாகும்போது அவருக்கு 32 வயது என்பதால். இது கொரியக் கணக்கு. பிறந்ததுமே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று. நம் கணக்கில் முப்பதுதான். ஹார்பினுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1911 ஜூனில், மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டான் என்று சொன்னேன். பையனுக்கு வாஞ்சிநாதனைத் தெரியவில்லை. தில்லியில் பிறந்தவன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆன் ஜூங்குனுக்காக 32 அசைவுகளை அவன் உடம்பு அறிந்திருந்தது. ஒரு தியாகியை நினைவு வைத்துக்கொள்ள சிலையைவிட இது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. காக்கை எச்சமிடாது.

ஒன்பதோடு முடிவதில்லை. ஜெனரல் சோய் வகுத்தவை மொத்தம் இருபத்து நான்கு. ஒரு நாளின் மணிக் கணக்கு. இந்த இருபத்து நான்குக்குள் ஓர் அரசியல் கதை ஒளிந்திருக்கிறது. பழைய பட்டியலில் 'கோடாங்' என்று ஒரு வரிசை. சோ மான்சிக் என்பவரின் புனைபெயர் அது. 1920களில் உள்நாட்டுப் பொருள்களையே வாங்குங்கள் என்று இயக்கம் நடத்தி, 'கொரியாவின் காந்தி' என்று பெயரெடுத்தவர். போருக்குப் பின் சோவியத் படைகளோடு ஒத்துப்போக மறுத்ததால் 1946ல் வட கொரியாவில் காவலில் வைக்கப்பட்டார். அவர் உயிரோடு வெளியே வரவில்லை. 1980களில் சோய் அந்த வரிசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ஜூச்சே' என்று ஒன்றை வைத்தார். ஜூச்சே என்பது வட கொரிய ஆட்சியின் கொள்கைக்குப் பெயர்.

ஏன்? சோய் தென்கொரிய ராணுவத்தின் ஜெனரல். 1955 ஏப்ரல் 11ல் 'டேக்வாண்டோ' என்ற பெயரே நிலைபெற்றதற்கு அவர்தான் காரணம். 1966ல் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பை சியோலில் தொடங்கினார். அதிபர் பார்க் சுங் ஹீயோடு உறவு முறிந்து 1972ல் கனடாவுக்குப் போய்விட்டார். கலையைத் தொடர்ந்து பரப்ப ஓர் அரசின் தயவு வேண்டியிருந்தது. தெற்கு கதவைச் சாத்தியபின் வடக்கை நாடினார். 2002ல் பியாங்யாங்கில் இறந்தார். இதற்குள் தென்கொரியா தன் பங்குக்கு 1972ல் குக்கிவொனைத் திறந்து, 1973ல் உலகக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்து, தனி வரிசைகளை வகுத்துக்கொண்டது. ஒலிம்பிக்குக்குப் போனது இந்தப் பிரிவு. கனடியப் பத்திரிகையாளர் அலெக்ஸ் கில்லிஸ் இந்தச் சண்டைகளை வைத்து 2008ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உளவாளிகளும் அடியாட்களும் வரும் புத்தகம். தற்காப்புக் கலையின் வரலாறு என்று சொல்லாமல் கொடுத்தால் துப்பறியும் நாவல் என்றே படிக்கலாம்.

இதன் நடைமுறை விளைவை ஜங்புரா பூங்காவிலேயே பார்க்கலாம். இரண்டு வகுப்புகளிலிருந்து வரும் பையன்கள், இரண்டு பேரும் நீல பெல்ட், ஒருவன் போடும் வரிசை இன்னொருவனுக்குத் தெரியாது.

காகிதத்தின் தலைப்பில் ஒரு வாக்கியம்: 'டேக்வாண்டோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கொரியக் கலை.' இதையும் நான் தமிழில் எழுத வேண்டும். ஆறு வாரம் ஆனதற்கு உண்மையான காரணம் இந்த ஒற்றை வரிதான்.

கொரியாவில் பழைய காலத்தில் போர்க்கலைகள் இருந்தன என்பதில் சந்தேகமில்லை. 1790ல் அரசர் ஜியோங்ஜோ ஆணையில் தொகுக்கப்பட்ட படம் போட்ட போர்க்கலை நூல் இன்றும் இருக்கிறது. தேக்கியோன் என்ற காலாட்டக் கலையை 2011ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இன்றைய டேக்வாண்டோவின் வரிசைகள் அங்கிருந்து வந்தவை அல்ல. அவை ஒகினாவாவிலிருந்து வந்தன.

ஒகினாவாத் தீவில் இட்டோசு அங்கோ என்ற ஆசான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்காக ஐந்து எளிய வரிசைகளை அமைத்தார். 'பினான்' என்று பெயர். அவர் மாணவர்களில் ஒருவரான ஃபுனாகோஷி கிச்சின் 1922ல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயைப் பரப்பியபோது அது 'ஹெய்யான்' ஆயிற்று. டோக்கியோவில் படிக்கப் போன கொரிய மாணவர்கள் அதைக் கற்று ஊருக்குக் கொண்டுவந்தபோது 'பியோங்ஆன்'. மூன்றும் அதே இரண்டு சீன எழுத்துகள். அமைதி என்று பொருள். வாய்க்கு வாய் உச்சரிப்பு மாறியதே தவிர கால் அதே இடத்தில்தான் விழுந்தது. சோய் அமைத்த வோன்யோ வரிசையின் தொடக்க அசைவுகளையும் ஹெய்யான் இரண்டாம் வரிசையின் தொடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது. சோயும் ஜப்பானில் கராத்தே கற்றவர்தான்.

கொரியாவின் முதல் பள்ளிகளை 'க்வான்' என்பார்கள். லீ வோன்குக் 1944ல் சியோலில் தொடங்கியது சுங் டோ க்வான். அதே ஆண்டு காய்சோங்கில் ரோ பியூங்ஜிக் தொடங்கியது சோங் மூ க்வான். இருவரும் ஃபுனாகோஷியிடம் பயின்றவர்கள். ஃபுனாகோஷியின் புனைபெயர் ஷோட்டோ. பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலை என்று பொருள். அதனால் அவர் பயிற்சிக் கூடம் ஷோட்டோகான். இப்போது எழுத்துகளைப் பாருங்கள். சோங் மூ க்வானின் 'சோங்', பைன். சுங் டோ க்வானின் 'டோ', அலை. குருவின் பெயரிலிருந்து ஒரு சீடர் மரத்தை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் அலையை. நாடு ஜப்பானிடம் அடிமைப்பட்டிருந்த நேரம். ஜப்பானிய குருவுக்கு வணக்கம் சொல்ல அதைவிட அடக்கமான வழி இருந்திருக்காது. இது என் வாசிப்பு. ஆனால் எழுத்துகள் அங்கே இருக்கின்றன.

விடுதலைக்குப் பிறகு அந்த வணக்கம் சங்கடமாயிற்று. முப்பத்தைந்து வருஷம் காலில் போட்டு மிதித்தவனிடமிருந்து கற்ற கலை என்று எந்த நாடு சொல்லிக்கொள்ளும்? பெயர் மாறியது, சீருடை மாறியது, உதைகள் உயர்ந்தன, இரண்டாயிரம் ஆண்டு வரலாறு எழுதப்பட்டது. 1970களின் கடைசியில் க்வான்களின் பெயர்களையே எடுத்துவிட்டு ஒன்று முதல் ஒன்பதுவரை எண்களாக்கினார்கள். ரயில்வே ஊழியரான ஹ்வாங் கீ 1945ல் நிறுவிய மூ டுக் க்வானின் கதை கொஞ்சம் வேறு. அவர் இணைப்புக்கு ஒத்துக்கொள்ளாமல் தன் வழியைத் தனியாக நடத்தினார். ரயில்வே நூலகத்தில் இருந்த ஒகினாவா கராத்தே புத்தகங்களைப் பார்த்துத்தான் பியோங்ஆன் வரிசைகளைக் கற்றதாக முதுமையில் அவரே எழுதினார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இவ்வளவையும் பையனிடம் சுருக்கமாகச் சொன்னபோது அவன் கேட்டது வேறு. "அப்ப ஒகினாவாக்கு எங்கேர்ந்து சார் வந்துச்சு?" சீனாவிலிருந்து என்றேன். "சீனாவுக்கு நம்ம காஞ்சிபுரத்துலேர்ந்துதானே? போதிதர்மர்? படத்துல வருதே."

2011ல் வந்த 'ஏழாம் அறிவு' செய்த வேலை. எந்தத் தமிழ் மேடையிலும் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் சாட்சியம் மெலிந்தது. போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்ஜி எழுதியது, அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்லும் குறிப்பும் பழையதுதான். காஞ்சி என்று ஊரைக் குறிப்பிடுவது பிற்கால மரபு. அவர் வந்து சண்டை கற்றுக் கொடுத்தார் என்பதோ, பதினேழாம் நூற்றாண்டில் தோன்றி அவர் பெயரில் ஏற்றப்பட்ட ஒரு உடற்பயிற்சி நூலின் வழியாகக் கிளம்பிய கதை. சீன ஆய்வாளர் டாங் ஹாவ் 1930களிலேயே அதை உடைத்துவிட்டார். கொரியர்கள் இரண்டாயிரம் ஆண்டு என்கிறார்கள், நாம் காஞ்சிபுரம் என்கிறோம். வியாதி ஒன்றுதான்.

பையனின் முகம் வாடிவிட்டது. நான் இரக்கமில்லாமல் நடந்துகொண்டதாக வீட்டில் அபிப்பிராயம்.

காகிதத்தின் அடியில் டேக்வாண்டோவின் ஐந்து நெறிகள். மரியாதை, அதற்கடுத்து ஆங்கிலத்தில் 'இன்டெக்ரிட்டி'. நேர்மை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். கொரிய மூலம் 'யோம்சி'. அதில் 'சி' என்ற எழுத்துக்கு வெட்கம் என்று பொருள். தகாததைச் செய்யக் கூசும் குணம். அப்படியென்றால் திருக்குறளின் 102வது அதிகாரம்: நாணுடைமை. நேர்மை என்பதை அடித்துவிட்டு 'நாண்' என்று எழுதினேன். எழுதியபின், இரண்டாயிரம் ஆண்டு வாக்கியத்தை அப்படியே பெயர்த்துக் கொடுக்க எனக்குக் கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கே போனேன். போகலில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். மாஸ்டர் கட்வால் மலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சுவரில் சோயின் படம், அதற்குக் கீழே தன்னுடைய குருவின் படம், இரண்டுக்கும் சாமந்தி மாலை. பள்ளி தொடங்கிய நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கேக்கும் பேச்சும் கிடையாது. மூத்தவர், இளையவர் எல்லோரும் பெல்ட் வரிசையில் நின்று, சோன்ஜியிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வரிசைவரை போடுவது. வெள்ளை பெல்ட் சிறுவர்கள் முதல் வரிசையோடு உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்ததில் இன்னும் சிலர். ஒன்பதாவது வரும்போது நின்றவர்கள் ஆறு பேர். அதற்கப்புறம் மாஸ்டர் மட்டும், அந்த வயதில், தனியாக. கூடத்தில் மூச்சுச் சத்தமும் காலடியும் மட்டும். கடைசியில் அவர் போட்டது கோடாங், ஜூச்சே இல்லை. அவர் குரு கற்றுக் கொடுத்த காலத்தில் பட்டியலில் இருந்தது அதுதான்.

பழமை பற்றிய வாக்கியத்தைப் பற்றி இந்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் தோளைக் குலுக்கினார். தன் குரு கொடுத்த காகிதம், அதனால் மாற்றியதில்லை. ஆனால் ராணுவ முகாம் ஒன்றில் கராத்தேக்காரர் ஒருவர் ஹெய்யான் போடுவதைப் பார்த்த நாளிலிருந்து தனக்குத் தெரியும் என்றார். தமிழில் எழுதுவதை உண்மையாகவே எழுதுங்கள், தமிழ்க் காகிதத்தை நான் எப்படியும் படிக்கப் போவதில்லை என்று சிரித்தார். நான் எழுதியது இது: 'ஒகினாவா, ஜப்பான் ஆசான்களிடம் கற்றுக் கொரியர்கள் தமதாக்கிக்கொண்ட கலை, பெயர் வைத்தது 1955.' டெஸ்ட்டில் பையன் தேறிவிட்டான்.

இந்தக் காரியத்தால் எனக்குக் கிடைத்த கூடுதல் லாபம் தாத்தாவின் சிலம்பம். முதலில் பேச மாட்டேன் என்றார். பிறகு நிறுத்த முடியவில்லை. கம்பைத் தொடுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் வெறும் காலடி. ஆட்டத்தைத் தொடங்கும்போது சலாவரிசை, வாத்தியாருக்கும் மண்ணுக்கும் சபைக்கும். கிராமத்தில் சிலம்ப ஆசானுக்கு வாத்தியார் என்றே பெயர். எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுற்றியதும் ரசிகர்கள் அவரை வாத்தியார் என்றதும் தற்செயலாக இருக்க முடியாது என்பது தாத்தாவின் துணிபு. நான் மறுக்கவில்லை; எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருந்தால் யார் வீட்டிலும் டீ கிடைக்காது.

அவர் வாத்தியாருக்கு யார் வாத்தியார்? தெரியாது. பெயர்ப் பட்டியல் இல்லை, படம் இல்லை, மாலை இல்லை. குறவஞ்சி, பனையேறி மல்லு, கள்ளன்கம்பு, நாகசீறல் என்று ஊருக்கு ஊர் வேறுபட்ட ஆட்டமுறைகளின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. எந்த முறை எந்த ஆசானிடமிருந்து எந்த ஊருக்குப் போனது என்று கேட்டால் பெரும்பாலும் அகத்தியரிடம் போய்த்தான் நிற்கிறார்கள். இடையில் இருந்த நாலைந்து தலைமுறை மனிதர்கள், பெயரும் ஊரும் சாதியும் உடைய நிஜ மனிதர்கள், காணாமல் போய்விட்டார்கள். முனிவரைக் கும்பிடுவது சுலபம். பக்கத்து ஊர் ஆசானின் பெயரைக் குறித்து வைப்பதுதான் கஷ்டம்.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளிகளில் பிள்ளைகள் சேருகிறார்கள். ஆனால் போட்டி என்று வந்தால் எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே மதிப்பெண் முறை வேண்டும், தொட்டால் புள்ளி. புள்ளி தராத அசைவை யார் பயிற்சி செய்வார்கள்? டேக்வாண்டோ 2000ல் சிட்னி ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வப் போட்டியானது. அங்கே போனது சண்டை மட்டும். வரிசைகளுக்கு இன்றுவரை அனுமதி இல்லை. அவை தனி உலகப் போட்டியாக 2006ல்தான் தொடங்கின, 2018ல் ஆசிய விளையாட்டில் நுழைந்தன. கொரியாவிடம் நம்மைவிட ஒரு வசதி இருந்தது. பெயர்களை எண்களாக்கிய பிறகும் அந்தப் பழைய க்வான்களின் கிழவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். தாத்தாவிடம் நான் ஒரு பழைய டயரியைக் கொடுத்து, நினைவிருக்கும் பெயர்களைப் பேரனிடம் சொல்லி எழுதச் சொன்னேன். பையனுக்குத் தமிழ் எழுத்து வரும். கேம்ப் பிள்ளைகள் பலரைப் போல அவனும் தமிழ்ப் பள்ளியில்தான் படித்தான். 1923ல் மதராசி கல்விச் சங்கமாகத் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுக்கு அந்தக் கடன் உண்டு.

2025 ஜூன் 1ம் தேதி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா கால்வாயின் அடைப்பை நீக்குவதற்காக தில்லி உயர் நீதிமன்றம் மே மாதம் பிறப்பித்த உத்தரவின்படி புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள். இவற்றில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று முதலில் பட்டியல் வந்தது. ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அறுபதுகள், எழுபதுகளிலிருந்து அங்கே இருந்தவர்கள் ஊர் எது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

பையனின் குடும்பம் பட்டியலில் இருந்தது. நரேலா தில்லியின் வடகோடி. அம்மா இப்போது நிஜாமுத்தீனில் ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறி வந்து போக நாலு மணி நேரம் ஆகிவிடுகிறது என்கிறார். டேக்வாண்டோ வகுப்பு மாதத்தில் ஒரு ஞாயிறு என்றாகிவிட்டது. தாத்தா விழுப்புரத்துக்குப் போய்விட்டார். டயரி என்ன ஆயிற்று என்று கேட்கத் தயங்கினேன். மூட்டை கட்டும்போது சர்டிபிகேட்டுகள் இருந்த பையிலேயே அதையும் போட்டு எடுத்து வந்துவிட்டதாக அவனே சொன்னான். பதினொரு பெயர்கள் எழுதியிருக்கிறதாம். மூன்றுக்கு ஊரும் தெரியும்.

போன குளிரில் நரேலா போயிருந்தேன். வீட்டுக்குள் நாலு எட்டு வைக்க இடமில்லை. இரண்டு வரிசைக் கதவுகளுக்கு நடுவே பொது நடைபாதை, தரையில் சதுரக் கற்கள். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் நடுவில் நின்றான். வயது பதினைந்து ஆகிவிட்டது. உயரம் கூடியிருக்கிறது, அதற்கேற்ப அடியும் நீண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு வாண்டுகள் இரண்டு வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. பெரிய வரிசை எதுவும் இல்லை, சோன்ஜிதான். இடம், வலம், முன், பின். பதினாறுக்குப் பிறகு முன்னால் ஒரு குத்து, பின்னால் இரண்டு.

குனிந்து பார்த்தான். ஒரு கல் தள்ளி நின்றிருந்தான். வாண்டுகளில் ஒன்று சிரித்தது. திரும்பப் போய் முதல் கல்லில் நின்றுகொண்டு, மறுபடி இடப்பக்கம் திரும்பினான்.